கழுகின் கட்டைவிரல் நகம்

— கைய விரிங்க அண்ணி.

— ரத்தம் முழங்கையிலதானே எடுப்ப? விரல எதுக்குடீ விரிக்கச் சொல்ற?

— சும்மா விரிங்க... அட, இதென்ன கூத்து! நீங்களா நெயில் பாலிஷ் போட்டிருக்கீங்க?

— ஏன், நான் போடக் கூடாதா?

— நான் போட்டப்ப என்ன சொன்னீங்க? "நகத்துக்கு எதுக்குடீ சுவர் பெயிண்ட்"னு வீடே சிரிக்கிற மாதிரி...

— அது போன வருஷம். இப்ப எனக்கும் ஆசை வந்துடுச்சு. நாப்பத்தோரு வயசுல ஆசை வரக் கூடாதா?

— தாராளமா வரலாம். ஆனா ஆசைன்னா மூணு கோட்டா அடிப்பாங்க? சரி, கட்டைவிரல்ல இந்த ஓரம் ஏன் பிஞ்சிருக்கு?

— பாத்திரம் தேய்ச்சேன். குட்டி, வளவளன்னு பேசாத. ஊசியக் குத்து, பத்தரைக்கு நான் தையல் கம்பெனியில இருக்கணும்.

— இருங்க. பஞ்சுல கொஞ்சம் ரிமூவர் தொட்டு...

— ஏய்! அத ஏன் துடைக்கிற? விடு... விடுடீ கைய!

— அண்ணி, என்ன இது?

— நகம்தான். வேற என்ன?

— இதா? உங்க நகமா? நீளவாக்குல கோடு கோடா... நுனி தகடு தகடா உரியுது. இந்த விரல்ல பாதி வரைக்கும் பிளந்திருக்கு. எத்தன நாளா?

— மூணு மாசம் இருக்கும். விடு, வயசானா எல்லாருக்கும் வர்றதுதான்.

— யாருக்கு வேணா வரட்டும், உங்களுக்கு வரலாமா? இந்த நகத்துக்குத்தானே கம்பெனியில "கழுகு"ன்னு பேரு!

— கண்ணுக்குத்தான் அந்தப் பேரு.

— பொய். கண்ணு எல்லாருக்கும்தான் இருக்கு. தையல் மேல கட்டைவிரல் நகத்த ஓட்டியே நடுவுல தாவி விட்டுப்போன தையல கண்டுபிடிக்க உங்கள விட்டா ஆளு கிடையாது. நீங்க இந்த வீட்டுக்கு வந்த மறுநாள் ஞாபகம் இருக்கா? நான் பத்தாவது. ஸ்கூலுக்குக் கெளம்பறேன், வாசல்ல நிறுத்தி என் சட்டையோட பக்கத் தையல்ல நகத்த ஓட்டினீங்க.

— ஹா... "டக்"குன்னுச்சு.

— "இது சாயங்காலம் வரைக்கும் தாங்காது"ன்னீங்க. புது அண்ணி ரொம்பத்தான் அலட்டிக்கிறாங்கன்னு நெனச்சேன். விளையாட்டு பீரியட்ல கைய தூக்கினேன்... அக்குள்ல இருந்து இடுப்பு வரைக்கும் டர்ர்ர்...

— புத்தகப் பைய இடுப்புல கட்டிக்கிட்டு ஓடி வந்த.

— சிரிக்காதீங்க! அன்னிக்கு முடிவு பண்ணேன், செஞ்சா இப்படி ஒரு வேலை செய்யணும்னு. ஒருத்தர் கண்ணுக்கும் தெரியாத தப்ப முன்னாடியே சொல்ற வேலை. இந்த லேப்புக்கு வந்ததே அதனாலதான். தெரியுமா உங்களுக்கு?

— இது எப்ப? நீ சொன்னதே இல்லையே.

— எப்படிச் சொல்றது? வெக்கமா இருக்காதா? ...சரி, பேச்ச மாத்தாதீங்க. வெளிய வெயில் மண்டையப் பிளக்குது, நீங்க ஃபேனுக்குக் கீழ ஸ்வெட்டரோட உக்காந்திருக்கீங்க.

— குளுருதுடீ.

— முகம் வேற உப்பியிருக்கு. முடி?

— சீப்பு நெறைய வருது. தலையில மிச்சம் இருக்கு, கவலப்படாத.

— இது எல்லாம் தைராய்டு கொறைஞ்சா வர்றது அண்ணி. ஆனா போன ரிப்போர்ட்ல கூடிப் போச்சுன்னு வந்துச்சே. அதப் பாத்துத்தானே டாக்டர் மாத்திரைய பாதியாக்கினாரு?

— ஆமா. அதுக்கப்புறம்தான் இன்னும் மோசம். பாத்திரம் கழுவிட்டு உக்காந்தா எந்திரிக்க ஆள் வேணும் போல இருக்கு.

— தைராய்டு கூடினா வேர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும். உங்களுக்கு எல்லாமே தலைகீழா இருக்கு. ரிப்போர்ட் ஒண்ணு சொல்லுது, நகம் ஒண்ணு சொல்லுது.

— மிஷின் தப்பா சொல்லுமா?

— மிஷின் தப்பா சொல்லாது. அதுக்குக் குடுத்த ரத்தத்துல ஏதாவது கலந்திருந்தா... அண்ணி, தைராய்டு மாத்திரையத் தவிர வேற என்ன சாப்பிடறீங்க?

— ஒண்ணும் இல்ல.

— அண்ணி.

— ஒண்ணும் இல்லன்னா இல்ல.

— உங்க பைய நீங்களே தொறக்கறீங்களா, நான் தொறக்கவா?

— போலீஸ்காரி மாதிரி பேசறா பாரு... இந்தா. பாத்துக்கோ.

— இது இரும்புச்சத்து. இது கால்சியம். இது... "நகமும் முடியும் வளர"... பயோட்டின்! இதுல எத்தன?

— தினம் ரெண்டு. மருந்துக்கடையில ஒண்ணுதான் போடச் சொன்னாங்க. எனக்கு அவசரம்.

— எப்ப சாப்பிடுவீங்க?

— காலையில எந்திரிச்சதும், தைராய்டு மாத்திரையோட சேத்து எல்லாத்தையும் ஒரே வாய்ல. ஒரு டம்ளர் தண்ணி மிச்சம்.

— தண்ணிய மிச்சம் பண்ணி உடம்பக் கெடுத்து வெச்சிருக்கீங்க! தைராய்டு மாத்திரை வெறும் வயித்துல தனியாப் போகணும். இரும்பும் கால்சியமும் கூடப் போனா அத உடம்புல சேரவே விடாது. நாலு மணி நேரமாவது தள்ளிப் போடணும்.

— அய்யய்யோ... நல்லதுன்னுல்ல நெனச்சேன்.

— நல்லதுதான், நேரத்துக்குப் போட்டா. தைராய்டு கொறைஞ்சவங்களுக்கு இரும்பு, பி பன்னெண்டு, விட்டமின் டி எல்லாம் கொறையறது சகஜம். டெஸ்ட் பண்ணிப் பாத்து, எது கொறையுதோ அத மட்டும் போடணும். பெரிய வில்லன் இந்த பயோட்டின்தான்.

— அது நகத்துக்குன்னு தெளிவா போட்டிருக்கேடீ.

— இவ்வளவு அதிகமா எடுத்தா எங்க மிஷினையே ஏமாத்தும். கொறைஞ்சு கெடக்கற தைராய்டக் கூடினதாக் காட்டும். அத நம்பித்தான் டாக்டர் மாத்திரையக் கொறச்சிருக்காரு.

— அப்ப... நகத்தக் காப்பாத்தப் போட்ட மாத்திரையே நகத்தத் தின்னுடுச்சா?

— அப்படித்தான் ஆயிருக்கு. இன்னிக்கு ஊசி கிடையாது. டாக்டர்கிட்ட கேட்டுட்டு, இத நிறுத்தி மூணு நாள் கழிச்சு எடுக்கணும். ஏன் அண்ணி வீட்ல யார்கிட்டயும் சொல்லல?

— சொன்னா? "கழுகுக்கு நகம் போச்சு, இனிமே வேலை எதுக்கு, வீட்ல இரு"ன்னு உங்கண்ணன் ஆரம்பிச்சிடுவாரு. தையல் சரிபாக்கற அந்த மேசைய விட்டுட்டு நான் வீட்ல உக்காந்து என்னடீ பண்ணுவேன்? பதிமூணு வருஷம்.

— என்கிட்டயாவது...

— உன்கிட்டதான் எப்படிச் சொல்றது? நீ என்னைப் பெருசா நெனச்சுக்கிட்டிருக்க.

— இருங்க, போன தடவ ரத்தம் எடுத்தப்ப நிரப்பின ஃபாரத்தப் பாக்கறேன்.

— என்னடீ, அந்தத் தாளையே பாத்துட்டு நிக்கற?

— ஆறு வாரத்துக்கு முன்னாடி எடுத்த ஃபாரம். ஆறாவது கேள்வி... "மூணு நாளுக்குள்ள விட்டமின் மாத்திரை ஏதாவது சாப்பிட்டீங்களா?" இல்லன்னு டிக் இருக்கு.

— யாரு போட்டது?

— நான்தான்... நீங்க சொன்னதத்தானே போட்டிருப்பேன்.

— ...ம். சொல்லியிருப்பேன்.

— சொன்னீங்களா?

— சொன்னேன்னுதான் சொல்றேனே. விடு, முகம் ஏன் வெளுத்துப் போகுது? நான் ஒண்ணு சொல்றேன், சத்தம் போடாமக் கேப்பியா?

— சொல்லுங்க.

— இப்ப நான் அந்த மேசையில இல்ல.

— என்னது?

— ரெண்டு வாரமா பட்டன் பிரிவுல உக்காந்திருக்கேன். அறுபது பட்டன் எண்ணினா ஒரு அட்டை. காலையில அதே பை, அதே டிபன் டப்பா... உங்கண்ணனுக்குத் தெரியாது.

— யாரு மாத்தினாங்க? அந்தச் சூப்பர்வைசரா? நான் வந்து பேசறேன்!

— யாரும் மாத்தலடீ. நானே எழுதிக் குடுத்தேன்.

— ஏன் அண்ணி?

— பட்டு ரவிக்கை ஆர்டர் வந்துச்சு. பீஸ் பீஸா நூல் இழுத்துக்கிட்டு இருக்கு. நாலாம் மிஷின்ல தைக்கிற பொண்ணத் திட்டினேன். "ஊசிய மாத்துடீ, எத்தன தடவ சொல்றது"ன்னு எல்லார் முன்னாடியும். அவ மூணு தடவ மாத்தினா. அப்பவும் இழுக்குது. அழுதுட்டா.

— அப்புறம்?

— ராத்திரி எல்லாம் தூங்கல. மறுநாள் ஒரு புதுப் பீஸ எடுத்து மெதுவா நகத்த ஓட்டிப் பாத்தேன். நூல் மாட்டினது ஊசியில இல்ல குட்டி... என் நகத்துல. பிளந்த இடத்துல.

— அய்யோ அண்ணி...

— நான் தொட்ட இருநூத்து நாப்பது பீஸையும் கட்டுப் பிரிக்கச் சொன்னேன். "தப்பு என்னோடது"ன்னு சூப்பர்வைசர்கிட்ட சொல்லி எழுதிக் குடுத்தேன். அந்தப் பொண்ணுகிட்ட எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டேன். திட்டினதும் எல்லார் முன்னாடிதானே?

— யாருக்குமே தெரிஞ்சிருக்காதே. பேசாம இருந்திருந்தா மேசை உங்களுக்கே இருந்திருக்கும்.

— எனக்குத் தெரியுமே. பாக்காமலே "சரி"ன்னு முத்திரை குத்தற மாதிரிதானே அதுவும்? அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இன்னொருத்தர் தையல்ல நகத்த ஓட்டறது? ஏய், இதுக்கு எதுக்குடீ கண்ணு கலங்கற? பட்டன் எண்ணறது ஒண்ணும் கேவலம் இல்ல.

— அதுக்கு இல்ல அண்ணி. உங்கள மாதிரி ஒரு ஆளு... எத்தன பேருக்குக் கெடைக்கும்? நகம் பிளந்து கெடக்கு, அப்பவும் கழுகுதான் நீங்க.

— போதும் போதும், ஐஸ் வெச்சது. இந்த நகம் திரும்ப வருமா? அதச் சொல்லு.

— வரும். மாத்திரை அளவு சரியானா, நேரத்துக்குப் போட்டா... ஆனா நாளாகும். பிளந்தது வெளிய வளர்ந்து போய்ப் புது நகம் முழுசா வர ஆறேழு மாசம் ஆகும்.

— ஆறேழு மாசம்தானே, எண்ணிடுவேன். பட்டன் எண்ணிப் பழகிடுச்சு.

— இருங்க, டாக்டருக்குப் போன் போடறேன்.

— குட்டி, இரு. நான் மாத்திரைய மறைச்சுட்டேன்னு சொல்லு. நீ கேட்ட, நான் இல்லன்னேன். அவ்வளவுதான்.

— ஏன் இத இவ்வளவு அழுத்திச் சொல்றீங்க?

— அடுத்த வாரம் உனக்கு வேலை நிரந்தரமாகுது. சும்மா எதையாவது உளறி வெக்காத. நான் நோயாளி, என்னை யாரு என்ன பண்ண முடியும்?

— ...அண்ணி, அன்னிக்கு நடந்தது உங்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு, இல்ல?

— என்ன ஞாபகம்? எனக்கு மறதி ஜாஸ்தி. தைராய்டு. போன் போடு.

— வணக்கம் டாக்டர், லேப்ல இருந்து பேசறேன். ஆறு வாரத்துக்கு முன்னாடி எங்க அண்ணி ரிப்போர்ட் ஒண்ணு வந்துச்சே... ஆமா, அதப் பாத்து மாத்திரையப் பாதியாக்கினீங்க. அந்த ரிப்போர்ட் தப்பு டாக்டர். அவங்க அப்ப பயோட்டின் சாப்பிட்டுட்டு இருந்தாங்க...

— மறைச்சுட்டாங்கன்னு சொல்லுடீ!

— இல்ல டாக்டர், அவங்க பொய் சொல்லல. நம்ம அண்ணிதானே, எனக்குத் தெரியாதான்னு அந்தக் கேள்விய நான் கேக்கவே இல்ல. கேக்காமலே டிக் போட்டேன்... தப்பு என்னோடது. நானே எழுதிக் குடுக்கறேன்.