வாய்க்கட்டுத் துணி

இராசபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் செல்லும் காலைப் பேருந்தில், என் முன்னிருக்கையில் அக்காளும் தங்கையும் அமர்ந்திருந்தனர். தங்கையின் கைபேசியில், பழைய ஜப்பானியப் பிரபுக்கள் காலத்துக் கொலை வழக்கொன்று அசைபடமாக ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டு அவள் சொன்னாள்:

“இந்தப் பொம்மைப் படத்தப் பாத்த பொறவுதான்க்கா எங்க மாமனார் சாவுல சந்தேகம் வருது.”

அக்காள் சிரித்தாள். “ஏட்டி, இவனுவ வாளெடுத்து வெட்டிக்கிடுதானுவ. ஒம் மாமனார் படுக்கையில கெடந்து போனவரு.”

“இதுலயும் பிரபு படுக்கையிலதான் போறாரு. விசாரிக்க வந்த அதிகாரி கத்தியத் தேடல. அவரு சாகுமுன்னயே அடக்கத்துக்குத் துணி எடுத்து வச்சது யாருன்னுதான் கேக்கான்.”

“அதுக்கு?”

“அன்னைக்கு மாமாவுக்குக் காப்பி கொடுத்தேன். குடிச்சாவ. வெளிய வந்தா, எங்க வீட்டுக்காரரு பட்டாசாலையில உக்காந்து வேட்டியக் கிழிச்சுக்கிட்டு இருந்தாவ. கேட்டதுக்கு, விளக்குத்திரிக்குன்னாவ. உள்ள போயிட்டு, செத்த நேரத்துல அழுதுக்கிட்டே வந்தாவ. அந்தத் துணியாலதான் மாமா தாடையச் சேத்து வாய்க்கட்டுக் கட்டுனாவ.”

அக்காளின் குரல் தாழ்ந்தது. “இத அவியகிட்ட கேட்டியா?”

“நேத்து போன்ல கேட்டேன். சிரிச்சாவ. நேர்ல வா, சொல்லுதேன்னாவ.”

தங்கை இறங்கவேண்டிய விலக்கில் பேருந்து நின்றது. கீழே ஒருவர் புன்னகையோடு ஒவ்வொரு சன்னலாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அவள் பையுடன் எழுந்தாள். அக்காள் அவள் மணிக்கட்டைப் பற்றி உட்காரவைத்தாள்.

“கண்டக்டர், இவளுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கே டிக்கெட் போட்டுருங்க.”