பின்னாலிருந்த இரண்டு சிலிண்டர்கள்

வன்னிப் பெருநிலம் முழுவதிலும் நான்கு சிலிண்டர் மோட்டார் சைக்கிள் எஞ்சினை முற்றாக விளங்கிக்கொண்ட மூளை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது என்னுடையது. ஐம்பத்துநாலாம் ஆண்டு, எனக்கு வயது பத்தொன்பது. அந்த மாதிரி எஞ்சினும் வன்னியில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது என்பதை நேர்மை கருதிச் சொல்லிவிடுகிறேன்.

அது பரமலிங்கம் ஓவசியருடையது. கிளிநொச்சிக் குடியேற்றத்து வாய்க்கால்களை மேற்பார்ப்பது அவர் பொறுப்பு. நாள்தோறும் வரம்போடு பத்து மைல் நடப்பார். எங்கே உடைப்பு, எங்கே களவாகத் தண்ணீர் போகிறது என்பதைக் கண்ணுக்கு முன்னர் அவருடைய கால் கண்டுபிடித்துவிடும். "என்ர வேலைக்குப் படிப்பு வேண்டாம், ரெண்டு கால் போதும்" என்பார். சனிக்கிழமைகளில் மட்டும், ஊர் திரும்பிய ஒரு தோட்டத்துரையிடம் வாங்கிய அந்த மோட்டார் சைக்கிளில் கணக்கு ஒப்புவிக்க வவுனியாக் கந்தோருக்குப் போய்ப் பின்னேரம் வருவார்.

எஞ்சின் அமைப்பு அழகானது. கதிரையின் நாலு கால்களைப்போல முன்னுக்கு இரண்டு சிலிண்டர், பின்னுக்கு இரண்டு. கீழே இரண்டு சுழல்தண்டுகள் பற்சக்கரத்தால் பிணைந்து எதிரெதிராகச் சுழலும். ஒன்றின் நடுக்கத்தை மற்றது விழுங்கிவிடும். எஞ்சின் ஓடும்போதே பெற்றோல் தாங்கியின் மேல் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துக் காட்டுவார், துளி சிந்தாது. குறை ஒன்றுதான். அது காற்றுப்பட்டு ஆற வேண்டிய எஞ்சின். முன்னுக்கு நிற்பவை காற்றை வாங்கிக்கொண்டு, பின்னுக்கு நிற்பவற்றின் முகத்தில் தங்கள் சூட்டை ஊதும். நான் கல்லூரியில் பின்வரிசை வாங்கில் இருப்பவன். அந்த இரண்டின் மனநிலை எனக்கு உடனே விளங்கியது.

ஆகவே கல்லூரிச் சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினேன். தெற்கே வவுனியாவுக்குப் போகும்போது தென்மேற்குச் சோளகக் காற்று எதிரே வீசுவதால் பிரச்சினை இல்லை. திரும்பும்போது அது முதுகுப்பக்கம். பின் பிஸ்டன்கள் சூட்டில் வீங்கிச் சிலிண்டருக்குள் இறுகிவிடும். வண்டி கிளிநொச்சி வந்து சேராது. மூன்று சமன்பாடுகளால் இதை நிறுவி, யஹ்யா நானாவின் தேத்தண்ணிக் கடையிலும் பத்துப் பிரதி வைத்தேன்.

வைகாசியில் நாலு சனிக்கிழமை. நாலு தரமும் ஓவசியர் வந்து சேர்ந்தார்.

"தம்பி, உம்மட பின் சிலிண்டர் ரெண்டும் நல்ல சுகம். உம்மை விசாரிச்சதுகள்."

கடை சிரித்தது. யஹ்யா நானா கட்டுரையைக் கிழித்து எனக்கே வடை சுற்றித் தந்தார். இரண்டாம் சமன்பாடு எண்ணெயில் ஊறிப்போயிருந்தது.

கோட்பாடு சரியாயிருந்தும் உலகம் ஒத்துழைக்காவிட்டால், உலகத்துக்குச் சிறிது உதவத்தான் வேண்டும். ஆனி முதல் சனி காலை, எஞ்சினைத் துடைத்துத் தரட்டுமா என்று ஓவசியரிடம் கேட்டேன். மகிழ்ந்துபோய்த் தேத்தண்ணியும் அனுப்பினார். அதைக் குடித்துவிட்டு, தீப்பொறி விழும் நேரத்தை ஒரு நகத்தகலம் பிந்தவைத்தேன். வெளியே ஒன்றும் தெரியாது. எஞ்சின் சற்றுச் சோம்பும். எரிவு பிந்துவதால் சூடு சிலிண்டரைச் சுடும். இதை நான் நாசவேலையாகக் கருதவில்லை. கணக்கில் ஓர் எண்ணைத் திருத்தினேன், அவ்வளவுதான்.

அன்றும் வந்து சேர்ந்தார்.

எதை விட்டுவிட்டேன் என்று இரண்டு நாள் யோசித்தேன். முறிகண்டிப் பிள்ளையாரை விட்டிருந்தேன். வவுனியாவிலிருந்து வரும் கண்டி வீதியில் லொறியோ பஸ்ஸோ மாட்டுவண்டிலோ அங்கே நில்லாமல் போகாது. ஓவசியரும் நிற்பார். தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, கச்சான் கடலை வாங்கிக் கொறித்து முடிக்க அரைமணி நேரம். அதற்குள் பின் சிலிண்டர்கள் ஆறிவிடும். மிச்சம் ஒன்பது மைல்தான். என் மூன்று சமன்பாடுகளிலும் பிள்ளையாருக்கு இடமில்லை. எனவே அவரை வீதியிலிருந்தும் நீக்க வேண்டியிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை, கடை நிறைந்திருந்தபோது கேட்டேன்.

"ஓவசியர் ஐயா, எஞ்சினைச் செய்தது சீமையில. ஓட்டுறது மட்டும் பிள்ளையாராமே?"

"என்ன தம்பி கதை இது?"

"ஒருக்கா முறிகண்டியில நில்லாமல் வந்து காட்டுங்கோ. வந்தால் என்ர கட்டுரையை நானே வடைக்குச் சுத்தித் தாறன்."

"அதெல்லாம் சுத்தி முடிஞ்சுது, தம்பி," என்றார் யஹ்யா நானா.

எல்லோரும் சிரித்தார்கள், ஓவசியரைத் தவிர. "எனக்கு எஞ்சினிலயும் நம்பிக்கை இருக்கு. நாளைக்கு நில்லாமல் வாறன்," என்றார்.

தீப்பொறியைப் பழையபடி திருத்திவைக்க எனக்கு அன்று மாலை முழுவதும் இருந்தது. கரம்போர்ட் விளையாடினேன். வென்றேன்.

மறுநாள், முறிகண்டி தாண்டி மூன்றாம் மைலில் பின் பிஸ்டன் இறுகியது. எஞ்சின் இறுகினால் பின்சில்லும் சுழலாமல் இறுகும்; கட்டுரையில் இது அடிக்குறிப்பு. ஓவசியர் ஐம்பது மைல் வேகத்தில் வந்திருக்கிறார். நான் நாற்பத்தைந்து என்று எழுதியிருந்தேன். அந்தப் பிழையை ஒப்புக்கொள்கிறேன். மைல்கல்லில் போய் அடிபட்டது வலது முழங்கால்.

ஆஸ்பத்திரியில் அவர் மனைவி கமலாசனி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்குக் கதிரை இழுத்துப் போட்டார். ஓவசியர் என் கையைப் பிடித்தார்.

"தம்பி, நீர் சொன்னது சரி. நான்தான் கேக்கேல்லை."

என் எழுத்துக்கு அதுவரை கிடைத்த ஒரே பாராட்டு அதுதான். மறுக்க மனம் வரவில்லை.

இப்போது அவருக்குக் கந்தோரில் கதிரை வேலை. கம்பு ஊன்றி வந்து, வாய்க்கால்களை வரைபடத்தில் விரலால் நடந்து பார்க்கிறார். சஞ்சிகை என் கட்டுரையை, 'நிரூபிக்கப்பட்டது' என்ற குறிப்போடு மறுபடி வெளியிட்டது. அந்த நகத்தகலத்தைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போதுதான் உங்களிடம் சொல்கிறேன்.

நான் முறிகண்டியில் நிற்பதாக யஹ்யா நானா ஊரெல்லாம் கதைக்கிறார். நிற்பது உண்மைதான். தேங்காய் உடைப்பதும் உண்மைதான். ஆனால் காரணம் முழுக்க விஞ்ஞானம்: எஞ்சின் ஆற வேண்டும். வழக்கமாக அரைமணி நேரம். நேற்று ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றேன்.

நேற்று நான் போனது பெடல் மிதிக்கும் சைக்கிளில்.