பசிச்சவ கெணறு

ரோடு வரலை, பஸ்ஸு வரலை, மழை விழுந்தா நம்ம ஊருக்குள்ள ஒரு காக்கா வரணும்னாலும் நனைஞ்சுதான் வரணும், அப்படி ஒரு காலம். செந்தட்டிவிளையில அன்னைக்கு மொத்தமே நாப்பது கூரைதானாம். அதுல ஒரு கூரைக்குள்ள ஒரு அண்ணனும் ரெண்டு தங்கச்சிகளும் இருந்தாங்களாம். அண்ணன் பேரு நல்லபெருமாள். மூத்தவ ஆவுடை, வயசு பதினேழு. இளையவ சுடலைவடிவு, வயசு ஒம்பது. தாய் தகப்பன் கெடையாது. அண்ணன்தான் ரெண்டையும் வளத்தான்.

ஒரு ஐப்பசி மாசம் ஆவுடை ஆத்துக்கு அந்தப் பக்கம் களை பறிக்கப் போனாளாம். கூடப் போனவங்க மேகத்தைப் பாத்துட்டு முந்தியே திரும்பிட்டாங்க. "இந்த ஒரு பாத்தியை முடிச்சுட்டு வாரேன்"னு இவ நின்னா. அதுக்குள்ள ஆத்துல வெள்ளம். இக்கரைக்கு வர வழியில்லை. தோட்டக் காவக்காரன் வீட்டுல, அவன் பொண்டாட்டிகூட ஒண்டிக் கெடந்தா. ரெண்டு நாள் கழிச்சு, வெள்ளம் வத்தினதும் வீட்டுக்கு வந்தா.

வந்தவளை ஊரு எப்படிப் பாத்துச்சுங்கீங்க?

"ரெண்டு ராத்திரி"ன்னாளாம் ஒருத்தி. "ரெண்டு ராத்திரியா!"ன்னாளாம் இன்னொருத்தி. குளத்துல குளிச்சவ சொன்னா, கடையில நின்னவன் சொன்னான், கேட்டவன் எல்லாம் சொன்னான். பரிசம் போட்ட மாப்பிள்ளை வீட்டுக்காரன் வெத்தலையைத் திருப்பி அனுப்பிட்டான்.

நல்லபெருமாள் தங்கச்சியை வீட்டுக்குள்ள விடலை. மாட்டுத் தொழுவத்துல இருத்தினான். "இங்கயே கெட. நான் யோசிச்சுச் சொல்லுதேன்"ன்னான். ரெண்டு நாள் யோசிச்சானாம். மூணாம் நாள் விடிஞ்சு பாத்தா, ஆவுடை கெணத்துல கெடந்தா.

"நான் உத்தமின்னு காட்டுதேன் அண்ணேன்னு சொல்லிட்டுத் தானாக் குதிச்சுட்டா"ன்னான் நல்லபெருமாள்.

சின்னவளைத் தனியாக் கூட்டிட்டுப் போயிக் கேட்டானாம். "அக்கா என்ன செஞ்சா?"

"குதிச்சா."

"யாரு சொல்லி?"

"தானா."

"ஊரு கேட்டா இதைத்தான் சொல்லணும், என்ன?"

ஒம்பது வயசுப் பிள்ளை என்ன செய்யும்? தலையை ஆட்டிச்சாம்.

நேத்து வரைக்கும் ஏசின வாயெல்லாம் இப்ப "தெய்வமே, தாயே"ன்னு அழுதுச்சாம். கெணத்தடியில ஒரு கல்லை நட்டாங்க, மஞ்சள் பூசினாங்க, வருசா வருசம் திருவிழா எடுத்துக் கொடை குடுத்தாங்க. கொடைன்னா வில்லுப்பாட்டு வேணும்லா? கோலப்பன் அண்ணாவின்னு ஒரு பாட்டு வாத்தியாரு. நல்ல தொண்டையாம். நல்லபெருமாள் சொன்னதைக் கேட்டுட்டு அவரு கதை கட்டினாரு. பாட்டுல ஆவுடை கெணத்து மேட்டுல நின்னு தண்ணிகிட்டச் சத்தியம் கேக்கா. தண்ணி பொங்கி மேல வருது. தாமரைப்பூ விரிஞ்சு அவ காலைத் தாங்குது. கேட்ட சனம் குலவை போட்டுச்சாம், ஆம்பளைங்க கண்ணைத் துடைச்சாங்களாம்.

அந்தப் பாட்டு எத்தனை ஊருக்குப் போச்சுங்கீங்க! அண்ணாவிக்குப் பரிசாக் கையில வளையமே போட்டாங்களாம். பொம்பளைப் பிள்ளை ஒண்ணு தெருவுல நின்னா, "ஆவுடை நின்னாளா?" சத்தமாச் சிரிச்சா, "ஆவுடை சிரிச்சாளா?" இந்த மாப்பிள்ளை வேண்டாம்னு சொன்னா, "ஆவுடை வாயைத் திறந்தாளா?" பிள்ளைகளும் பாட்டைப் படிச்சுக்கிட்டுத்தான் வளந்துச்சு. கெணத்து மேட்டுல ஏறி நின்னு ஆவுடை மாதிரி விளையாடுமாம். பெத்தவங்க பாத்துச் சந்தோசப்பட்டாங்களாம்.

சுடலைவடிவு என்ன செஞ்சா? அவளும் அதுல வளந்தா. சாமியோட தங்கச்சின்னு கொடையில முதல் குங்குமம் அவளுக்கு. அந்தப் பேருக்காகவே உள்ளூருல நல்ல இடத்துல கல்யாணம். குங்குமத்தை வாங்கிக்கிட்டா, வாயைத் திறக்கலை. இருபத்தஞ்சு வருசம். அது அவ தப்புத்தான். பின்னால அவளே அப்படித்தான் சொன்னாளாம்.

இருபத்தஞ்சாம் வருசத்துக் கொடை. நல்லபெருமாளுக்கு ஒரு மக, நாச்சி. பதினாறு வயசு. பரிசம் போட்ட பிள்ளை. கொடைக்கு முந்தின வாரம் வளையல்காரன் ஒருத்தன் ஊருக்கு வந்தானாம். கை நீட்டி வளையல் போடையில அவன் என்னமோ சொல்ல, பிள்ளை சிரிச்சுட்டு. அவ்வளவுதான். ஒருத்தி பாத்தா, ஒம்பது பேரு சொன்னாங்க. மாப்பிள்ளை வீட்டு வெத்தலை திரும்பி வந்துட்டு. நல்லபெருமாள் மகளைப் பாத்து ஒரு வார்த்தை ஏசலையாம். "நான் யோசிச்சுச் சொல்லுதேன்"ன்னு மட்டும் சொன்னானாம்.

மத்தியானக் கொடை. உச்சி வெயில். வில்லு கட்டியாச்சு, குடம் முழங்குது, அண்ணாவி பாடுதாரு. சனம் எல்லாம் பந்தலுக்குள்ள. சுடலைவடிவு முன்னால இருக்கா. நாச்சி வந்து பக்கத்துல உக்காந்தாளாம். தலை குளிச்சு, மஞ்சள் பூசி, புதுச் சேலை கட்டியிருக்கா. காதுக்கிட்ட வந்து கேட்டாளாம்:

"அத்தை, பெரியத்தைக்கு வலிக்கலைல்லா?"

"என்னட்டி கேக்க?"

"தண்ணி மேல வந்து தாங்கிச்சாமே. பாட்டுல வருதே. அப்போ வலிச்சிருக்காதுல்லா அத்தை?"

சுடலைவடிவு பிள்ளை முகத்தைப் பாத்தா. சேலையைப் பாத்தா. நாச்சி கையை எட்டிப் பிடிச்சா. பிடிச்ச கையை விடாம எந்திரிச்சா. பிள்ளையை இழுத்துக்கிட்டு நேரா வில்லுக்கிட்டப் போயி, அண்ணாவி கையில இருந்த கோலைப் பிடிச்சுட்டாளாம். சலங்கை நின்னுட்டு. குடம் நின்னுட்டு.

"அவ குதிக்கலை"ன்னா.

சாமி வந்துட்டுன்னு நினைச்சுக் குலவை போட்டாங்களாம் பொம்பளைங்க.

"குலவை போடாதீங்க! சாமி வரலை. நான் சுடலைவடிவு பேசுதேன். எங்க அக்கா குதிக்கலை. தொழுவத்துல ரெண்டு நாள் பட்டினி கெடந்தா. மூணாம் நாள் விடியக்காலம் அண்ணன் கூப்பிட்டுட்டுப் போனான். நான் பின்னாலயே போனேன். பூவும் வரலை, தண்ணியும் மேல வரலை. அவ சத்தியமும் கேக்கலை. கெணத்துக் கல்லை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டுத் தொங்குனா. அண்ணன் விரலை ஒண்ணு ஒண்ணா எடுத்துவிட்டான். அவ கடைசியாச் சொன்னது என்ன தெரியுமா? 'அண்ணே, பசிக்குதுண்ணே. ஒரு வாய் சோறு தின்னுட்டு வாரேன்'ன்னா. இதை யாராவது பாடுதீங்களா?"

பந்தல்ல கைப்பிள்ளை ஒண்ணுதான் அழுதுச்சாம்.

நல்லபெருமாள் எந்திரிச்சான். "பைத்தியம் பிடிச்சுட்டு இவளுக்கு"ன்னான். யாரும் அசையலை. திரும்பவும் சொன்னான். அப்புறம் சனத்தைப் பாத்துக் கத்தினானாம்: "நான் மட்டுமா? ஒவ்வொருத்தனும் வாசல்ல வந்து கேட்டீங்களே, 'உன் தங்கச்சியை என்ன செய்யப் போற'ன்னு! உங்க வாய்க்கு நான் என்ன பதில் சொல்ல? செத்தப்புறம்தானே அவளைக் கும்பிட்டீங்க!"

கோலப்பன் அண்ணாவி கோலைக் கீழ வச்சாராம். "தாயி, எனக்குச் சொன்னதைப் பாடினேன். பாத்தவ ஒருத்தி முன்னாலயே இருந்திருக்கா. நான் ஒரு நாளும் கேக்கலையே"ன்னு சொல்லி, தானே வில்லு நாணை அவுத்துட்டாராம். அந்த வருசக் கொடை பாதியில நின்னுட்டு.

நாச்சி அப்பத்தான் அழுதாளாம். "நான் கெணத்துக்குத்தான் போயிக்கிட்டிருந்தேன் அத்தை"ன்னு சொல்லி அழுதாளாம்.

அதுக்கப்புறம் சுடலைவடிவுக்குச் சுகம்னு சொல்ல முடியாது. குடும்ப மானத்தைக் கெடுத்தவன்னு மாமியா வீட்டுல கதவை அடைச்சுட்டாங்க. புருசனும் அவ பின்னால வரலை. நாச்சியைக் கூட்டிக்கிட்டு ஊருக்கு மேக்கே ஒரு குடிசை போட்டு, கூலிக்குப் போயிப் பிழைச்சா. நல்லபெருமாள் சாகுற வரைக்கும் கெணத்துப் பக்கம் வரலையாம். நாச்சி இருபத்தி ரெண்டு வயசுல, தனக்குப் பிடிச்சவனைக் கல்யாணம் பண்ணி அஞ்சு பிள்ளை பெத்தா. எங்க அம்மையைப் பெத்தவளுக்கு அம்மை, அந்த நாச்சிதான்.

அடுத்த வருசம் அண்ணாவி அவராவே வந்து கேட்டாராம், "நான் என்ன பாடணும், நீ சொல்லு தாயி"ன்னு. இன்னைக்கும் நம்ம ஊருல வில்லு கெணத்தடிக் கட்டத்துக்கு வந்ததும் குடம் நிக்கும். பாடுதவரு கோலைக் கீழ வச்சுட்டு, "பாத்தவங்க சொல்லுங்க"ம்பாரு. எங்க குடும்பத்துல ஒரு பொம்பளை எந்திரிச்சு, "அவ குதிக்கலை, பசிக்குதுன்னா"ன்னு சொல்லணும். சொன்னப்புறம்தான் பாட்டு.

மத்த ஊரு கொடையில முதல் பந்தி பெரிய ஆளுகளுக்கு. இங்க அப்படி இல்லை. கல்யாணம் ஆகாத பொம்பளைப் பிள்ளைங்க எல்லாத்தையும் கெணத்தைச் சுத்தி உக்கார வச்சு, முதல் சோறு அவங்களுக்குத்தான். "போதும்"னு அந்தப் பிள்ளைங்க வாயால சொல்லணும். அதுவரைக்கும் இந்த ஊருல வேற யாருக்கும் இலை போடுறது இல்லை.