கவுன்டர் கணினியில் சிவப்புப் பெட்டி

ஒயர்கள் இப்படித் தொங்கிக்கொண்டிருந்தால் எனக்குப் பிடிக்காது, ஐயா. உங்கள் மேசைக்கடியில் பார்த்ததிலிருந்து கை துறுதுறுவென்கிறது. சரி, விடுங்கள், விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த மருத்துவமனையில் மருந்து மென்பொருளை அமைத்தவன் நான். சர்வர் என் அறையில் இருக்கிறது. பதிவு மேசை, வார்டு, மருந்துக் கவுன்டர் என்று எல்லாக் கணினிகளையும் அதோடு இணைத்திருக்கிறேன். டாக்டர் சீட்டில் கிறுக்கிக் கொடுப்பதோடு சரி. கவுன்டரில் மருந்தைப் பதியும்போது அது அந்த நோயாளிக்கு ஒவ்வாது என்றால், திரையில் ஒரு சிவப்புப் பெட்டி வந்து மறிக்கும். அதை ஒழுங்காக வரவைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கவுன்டர் அக்காவுக்கு அது வேடிக்கை. "தம்பி, உங்க சிவப்புப் பெட்டி என் மாமியார் மாதிரி. எதைத் தொட்டாலும் வந்து நிக்குது" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும். அவர் படிக்காமலேதான் ஓகே அழுத்துகிறார் என்று முடிவு கட்டினேன். என் வேலை அவருக்குக் கிள்ளுக்கீரையாகிவிட்டது.

அதனால் அவர் கணினியில் மட்டும் பெட்டியை நிறுத்தினேன். என் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. பெட்டி வராததை அவர் கவனிக்கிறாரா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். வந்து கேட்டிருந்தால் அப்போதே திரும்பப் போட்டிருப்பேன். அவர் கேட்கவில்லை. நாள் போகப்போக எனக்குத்தான் ஆத்திரம் ஏறியது.

அன்று காலை கவுன்டர் பிரின்டர் வேலை செய்யவில்லை என்று கூப்பிட்டார்கள். மேசைக்கடியில் குனிந்து ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கன்னம் வீங்கிய லாரி டிரைவர் ஒருவர் வந்தார், கூடவே அவர் மனைவி.

"முன்னாடி இங்கதான் ஏதோ மாத்திரை சாப்பிட்டு இவருக்கு மூச்சு முட்டிப்போச்சுங்க. பேருதான் தெரியல."

"இங்கதானே? அப்ப கம்ப்யூட்டர்ல ஏத்தியிருப்பாங்கம்மா. சேராத மருந்துன்னா சிவப்பா வந்து நிக்கும். நான் ஒவ்வொண்ணா படிச்சுப் பாத்துட்டுத்தான் குடுப்பேன். இப்ப வரல பாருங்க. பயப்படாம குடுங்க."

படிப்பாராம். அந்தக் கணினியில் எந்த மருந்துக்கும் சிவப்பு வராது என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் சொன்னால் மாட்டிக்கொள்வது நான்தானே. ஒயர்களைச் சேர்த்து முடிச்சுப் போட்டேன். தலைக்கு மேலே டிரைவரின் மனைவி தண்ணீர் பாட்டிலைத் திறக்கும் சத்தம் கேட்டது.

மாத்திரையை விழுங்கிய கொஞ்ச நேரத்தில் டிரைவர் பெஞ்சிலேயே சரிந்தார். எல்லோரும் அவரைத் தூக்க ஓடினார்கள். நான் என் அறைக்குப் போய்ப் பெட்டியைத் திரும்பப் போட்டேன். பிறகு நிர்வாகம் சோதித்தபோது சிவப்பு ஒழுங்காக வந்தது. "வந்ததைப் பாக்காம அழுத்திட்டேனோ என்னவோ" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். உங்களிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறாராம். பாவம்தான். நான் மறுக்கவில்லை. அவர் ஜெயிலுக்குப் போனாலும் மறுத்திருக்க மாட்டேன்.

ஆனால் நேற்று வெளியிலிருந்து கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவரை வரவழைத்தார்கள். அவர் கவுன்டர் கணினியின் பழைய பதிவுகளைப் பார்த்துவிட்டு எல்லார் முன்னாலும் சொன்னார்: "கவுன்டர் அம்மா மேல தப்பு இல்ல சார். அமைச்சவருக்கு வேலை தெரியல. பெட்டி ஒரு நேரம் வரும், ஒரு நேரம் வராது."

அதற்காகத்தான் நானே வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. என் அமைப்பில் ஒரு பிழையும் இல்லை. நான் நிறுத்தியபோது நின்றது, நான் போட்டபோது வந்தது.