எரிக்கின் நெற்றி என் கைக்குச் சுடவில்லை

என் பெயர் ஜெயராஜ், வயது 51, தகப்பனார் பெயர் காலஞ்சென்ற சவரிமுத்து, குடியிருப்பு பெங்களூர் ஈஜிபுரா, தொழில் பெயிண்ட் கடை. அது போக லிங்கராஜபுரம் ரோவர்ஸ் கால்பந்து கிளப்புக்கு டீம் மேனேஜர், மைதானத்தில் மைக் பிடிப்பவனும் நானே. எனக்குக் கன்னடம் பேச வரும், வாசிக்க வராது என்பதால் தமிழ் தெரிந்த ஹெட் கான்ஸ்டபிள் முனியப்பன் அவர்கள் நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிறார். சம்பவம் நடந்த 2009 ஆகஸ்ட் மாதத்தில் ஒரு சனிக்கிழமையன்று நான் முகத்தில் கட்டியிருந்தது என் மனைவி பெர்னதெத்தின் உள்பாவாடை. வேறு யாராவது வந்து சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். மருந்துக் கடைகளில் மாஸ்க் கிடைக்காததால் பழைய பாவாடையை வெட்டி, நாலாக மடித்து, அதே நாடாவைக் கோத்துத் தைத்துக் கொடுத்தாள். அதற்கு மேல் மங்கி குல்லாவும் ஸ்வெட்டரும் போட்டிருந்தேன். பட்டப்பகலில் அந்தக் கோலத்தில் பார்த்த பையன்கள், "என்ன அங்கிள், ஊட்டிக்கா?" என்று சிரித்தார்கள்.

பன்றிக் காய்ச்சல் வந்ததிலிருந்து லீக்கை நிறுத்துவதா நடத்துவதா என்று கால்பந்து சங்கத்தில் பேசிப் பேசி, கடைசியில் ரசிகர்களை உள்ளே விடாமல் நடத்துவது என்று முடிவானது. கை குலுக்கக் கூடாது, கும்பிடு போட வேண்டும். கேட்டுக்கு உள்ளே வருமுன் ஒவ்வொரு கிளப்பும் தன் ஆட்களுக்கு ஜுரம் பார்க்க வேண்டும், ஒருவனுக்கு இருந்தாலும் டீம் மொத்தமும் வெளியே, மேட்ச் எதிராளிக்கு. எங்கள் பையன்களுக்குச் சம்பளம் கொடுப்பது பீன்யா தொழிற்பேட்டையில் உள்ள ஒரு கம்பெனி. அதன் ஆபீசர் சீனிவாசராகவன் சார் மைதானத்துக்கு வந்து, காரை விட்டு இறங்காமல், கண்ணாடியை இரண்டு விரல் அளவுக்கு இறக்கி, இந்த வருஷம் கீழ் டிவிஷனுக்கு இறங்கினால் கிளப்பை மூடிவிடுவோம் என்று சொல்லிவிட்டு உடனே ஏற்றிக்கொண்டார். நாங்கள் அப்போது கடைசிக்கு முந்தின இடத்தில் இருந்தோம்.

கிளப்பில் ஒரு தர்மாமீட்டர் இருந்தது. பதினெட்டுப் பேர் வாயில் ஒன்றையே வைக்க முடியாதென்று அக்குளில் வைத்துப் பார்த்தோம். டிஃபென்ஸ் ஆடும் தருணுக்கு அக்குளில் கூச்சம். சிரித்துத் துள்ளியதில் அது கீழே விழுந்து உடைந்தது. அதன் பிறகு சிவாஜிநகர் வரை தேடியும் எந்தக் கடையிலும் ஸ்டாக் இல்லை. அதன் பிறகு என் கையே தர்மாமீட்டர். புறங்கையை முதலில் நெற்றியில் வைப்பேன், அதன் பிறகு கழுத்தில் வைப்பேன். பையன்கள் அதற்கு 'டாக்டர் கை' என்று பெயர் வைத்தார்கள். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான். பெயிண்ட் கடைக்காரனை வேறு யார் டாக்டர் என்று கூப்பிடப்போகிறார்கள்?

சம்பவத்தன்று காலை எங்கள் கோல்கீப்பர் எரிக்கின் மனைவி யூனிஸ் எனக்குப் போன் செய்தார். இருவரும் எங்கள் தெருவில்தான் ஒற்றை அறையில் குடியிருந்தார்கள், கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகவில்லை. "அங்கிள், அவருக்கு உடம்பு சுடுது. சொன்னா கேக்காம ஷூவைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டாரு. நீங்களாவது கேட்லயே திருப்பி அனுப்புங்க" என்று சொன்னார். நான் பார்த்துக்கொள்கிறேன்மா என்று சொன்னேன்.

அதன் பிறகு மைதானத்து கேட்டில் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்துக் கை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு நெற்றியும் ஜில்லென்று இருந்தது. "ஃப்ரிட்ஜ்ல வெச்ச பீர் பாட்டில் மாதிரி இருக்கீங்கடா" என்று சொன்னேன். எரிக்கை வேண்டுமென்றே கடைசியில் நிறுத்தியிருந்தேன். அவன் நெற்றியில் கை வைத்தேன், கழுத்தில் வைத்தேன், யூனிஸ் சொன்னாரே என்று மறுபடியும் நெற்றியில் வைத்தேன். சுடவில்லை.

"என் கைக்கும் உன் நெத்திக்கும் வித்தியாசமே இல்லடா. அடுப்புகிட்ட நின்னு தொட்டுப் பார்த்திருக்கா உன் பொண்டாட்டி."

"அப்ப ஆடலாமா அங்கிள்? எனக்கே கொஞ்சம் டவுட்டாதான் இருந்துச்சு."

"டாக்டர் சொல்லியாச்சு, போ."

அவன் என்னைக் கும்பிட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே ஓடினான். கையால் தொடுவதற்குப் பதில் கும்பிடு என்பது அப்போது எல்லாருக்கும் விளையாட்டாகிவிட்டிருந்தது.

அதன் பிறகு மேட்ச் ஆரம்பித்தது, லீக்கில் எங்களுக்கு அதுதான் கடைசி மேட்ச். காலி மைதானத்தில் பந்தை உதைக்கும் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வரும். கோச் யாரைத் திட்டினாலும் ரெஃப்ரி வரை கேட்கும். இரண்டாவது பாதியில் எரிக் இரும ஆரம்பித்தான். கோல் போஸ்ட்டிலிருந்து நான் மைக்கோடு உட்கார்ந்திருந்த மேடை வரை அது கேட்டது, ரெஃப்ரிகூட ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். நான் மைக்கை எடுத்து, "ரசிகப் பெருமக்கள் தயவுசெய்து இருமாமல் அமைதி காக்கவும்" என்று காலி நாற்காலிகளுக்கு அறிவித்தேன். இரண்டு டீமும் சிரித்தது. எரிக்கும் சிரித்தான், சிரித்ததில் இருமல் அதிகமாகி, போஸ்ட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான். அதன் பிறகும் இரண்டு பந்துகளைப் பாய்ந்து பிடித்தான். மேட்ச் கோல் இல்லாமல் முடிந்தது, அந்த ஒரு பாயிண்டில் கிளப் தப்பித்தது. பையன்கள் அவனைத் தூக்கப் போனபோது, தொடக்கூடாது என்று நான்தான் விரட்டினேன்.

அதன் பிறகு திங்கட்கிழமை அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்ததாகக் கேள்விப்பட்டேன். வார்டுக்குள் யாரையும் விடவில்லை. யூனிஸ் வெளியே பெஞ்சில் அவன் கிளவுஸ் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதற்கு அதைக் கொண்டு வந்தாய் என்று கேட்டதற்கு, "பை எடுத்தப்ப கைக்கு வந்துச்சு அங்கிள்" என்றார். புதன்கிழமை விடியும் முன் எரிக் மூச்சுத் திணறி இறந்துபோனான். வயது 26.

கல்லறையில் நாலைந்து பேரைத்தான் விட்டார்கள். பெட்டியைத் திறக்கவில்லை. ஃபாதர் தூரத்திலிருந்தே தீர்த்தம் தெளித்தார். எல்லாம் முடிந்த பிறகு யூனிஸ் என்னிடம் வந்து, அத்தனை பேர் முன்னிலையில் என் வலது கையைப் பிடித்து, புறங்கையைத் தன் நெற்றியில் வைத்து, "சொல்லுங்க அங்கிள், சுடுதா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன்.

ஜுரத்தோடு இருந்தவனைத் தெரிந்தே ஆட விட்டோம் என்று யூனிஸ் கொடுத்துள்ள புகாருக்கு என் பதில் இதுதான். அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் கேட்டில் எரிக்குக்கு ஜுரம் இல்லை. நான் மூன்று தடவை தொட்டுப் பார்த்தேன். மற்றவர்களையும் அதே கையால்தான் பார்த்தேன். காலையில் சுட்டது என்று அவர் சொல்வது, பாவம், மனம் பதறிப்போய்ச் சொல்வதாகத்தான் இருக்க வேண்டும்.

மேலே எழுதியதை முனியப்பன் அவர்கள் எனக்கு நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினார். நான் சொன்னதும் எழுதியதும் ஒன்றே. அறிந்து ஒரு பொய்யும் சொல்லவில்லை.

கையெழுத்து போடுமுன் அவர் கேட்டதன் பேரில் சேர்த்துச் சொல்வது: அன்று ஸ்வெட்டரும் குல்லாவும் போட்டிருந்தது, காலையிலிருந்து எனக்குக் குளிர் தாங்கவில்லை என்பதால். மழை இல்லை. நல்ல வெயில்.

(ஒப்பம்) ச. ஜெயராஜ்