நாற்பத்தேழாம் பக்கம்

– நாப்பத்தாறு இருக்கு, அண்ணே. இன்னிக்கு நாப்பத்தெட்டு எழுதலாம்னு ஃபைலைத் தொறந்தா, நாப்பத்தேழைக் காணோம்.

– நிதானம், எழுத்தாளரே, நிதானம். காத்துல பறந்து மேஜைக்கு அடியில கிடக்கும்.

– அடியில பாத்தாச்சு. குப்பைத்தொட்டியைக் கவுத்துப் பாத்தாச்சு. மெஷினுக்குப் பின்னால கையை விட்டுத் துழாவியாச்சு. நேத்து எழுதி முடிச்சு நம்பர் போட்டதும் அவசர சாம்பிள்னு கூப்பிட்டாங்க. உங்க கவுண்டர்லதான் ஓரமா வெச்சிட்டு ஓடினேன்.

– ஒரு பக்கம்தானே, இன்னிக்கு ரெண்டா எழுதிடுங்க. ரத்தம் மெஷின்ல சுத்துற பத்து நிமிஷத்துல தினம் ஒரு பக்கம் ஓட்டுற ஆளு நீங்க. நான் மளிகைச் சீட்டு எழுதவே அரை நாள் எடுத்துக்குவேன்.

– ரெண்டா எழுதறதெல்லாம் சரிவராதுண்ணே. நாளுக்கு ஒண்ணு. ஒரு நாள் விட்டுப்போச்சுன்னா மறுநாள் எனக்குக் கை வராது. இதுக்கு முன்னாடி ஏழெட்டு தடவை ஆரம்பிச்சிருக்கேன். அழகழகா நோட்டு வாங்குவேன், மூணாம் நாள் நிறுத்திடுவேன். இந்தத் தடவைதான் நிக்காம ஓடுது.

– அதுக்கு நான் குடுத்த பழைய லெட்டர்பேடுதான் காரணம்னு சொல்லுங்க. போன் நம்பர் மாறிப்போச்சுன்னு தூக்கிப் போட இருந்த பேப்பர்ல இப்படி ஒரு இலக்கியம் வளருதுன்னு முதலாளிக்குத் தெரிஞ்சா அதுக்கும் பங்கு கேப்பார். சரி, அடையாளம் சொல்லுங்க, நானும் தேடுறேன்.

– மேல நம்ம லேப் பேரு. வலது ஓரத்துல நாப்பத்தேழுன்னு நம்பர்.

– நாப்பத்தேழா? வட்டம் போட்டா?

– வட்டம் போட்டு. ஏன் உங்க முகம் இப்படி ஆயிடுச்சு?

– நீங்க முதல்ல உக்காருங்க.

– அண்ணே, என்ன பண்ணீங்க?

– நேத்து சாயங்காலம் ஒரு தச்சர் ரிப்போர்ட் வாங்க வந்தார். சட்டையெல்லாம் மரத்தூள். அவரு ரிப்போர்ட்ல வயசு நாப்பத்தேழு. அந்தப் பேப்பர்லயும் நாப்பத்தேழு. டாக்டர் எழுதின குறிப்பு ஏதோ தனியா வந்துடுச்சு போலன்னு... படிச்சுக்கூடப் பாக்காம சேத்துப் பின் அடிச்சுக் குடுத்துட்டேன்.

– ஐயோ.

– என்ன, காதல் கீதல்னு ஏதாவது எழுதியிருந்தீங்களா? மனுஷன் படிச்சு சந்தோஷப்பட்டிருப்பார், விடுங்க.

– காதல் இல்லண்ணே. 'ரிசல்ட் நல்லபடியாக இல்லை. வைத்தியத்தை இனியும் தள்ளிப்போட முடியாது. வீட்டில் சொல்லிவிடுங்கள். இதைத் தனியாகச் சுமந்துகொண்டு திரியாதீர்கள்.' இப்படியே பக்கம் முழுக்க.

– கடவுளே!

– அவரு ரிப்போர்ட் எப்படி இருந்தது? சொல்லுங்கண்ணே.

– ஒரு குறையும் இல்லை. ரத்தம், கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் சுத்தம். ஆனா அதெல்லாம் வெறும் எண்ணும் டாக்டர் பாஷையும். படிச்சா புரியற மாதிரி அதுல இருந்தது உங்க பக்கம் ஒண்ணுதான்.

– கதையில அது ஒரு பொம்பளைண்ணே.

– பொம்பளைன்னு எழுதியிருந்தீங்களா?

– எங்கயும் எழுதலை. நான், நீங்கன்னே போகுது.

– அப்போ அதைப் படிக்கிற ஆளு யாரோ, அவங்க கதைதான் அது. இருங்க, நம்பர் இருக்கு, அடிச்சுப் பாக்கறேன்... ஆஃப் பண்ணி வெச்சிருக்கார்.

– மறுபடியும் அடிங்க.

– மறுபடியும் ஆஃப்தான். 

– நேத்து சாயங்காலத்திலிருந்து ஒரு மனுஷன் இதை நெஞ்சுல வெச்சிட்டிருக்கான். ஏதாவது பண்ணிக்கிட்டா? நான் என்ன பாவி! போதும்ணே. இனிமே மெஷின் சுத்தட்டும், நான் சுவத்தைப் பாத்துட்டு நிக்கிறேன். எழுத மாட்டேன்.

– பின் அடிச்சது நான். எழுதினவங்க மேல ஏன் பழி? விலாசம் இருக்கு, நான் ஒரு எட்டு சைக்கிள்ல போயிட்டு வந்துடறேன். யாராவது வந்தா இந்த ஜன்னலை... வாங்கம்மா. ரிப்போர்ட்டா?

– தப்பா நினைக்காதீங்க, ஐயா. ரிப்போர்ட் வாங்க வரலை. நேத்தே என் வீட்டுக்காரர் வாங்கிட்டு வந்துட்டார். தச்சு வேலை செய்றவர்.

– அண்ணே...

– நிதானம். உள்ளே வந்து இந்த நாற்காலியில உக்காருங்கம்மா. அவர் நல்லா இருக்காரா?

– அதைத் தெரிஞ்சுக்கத்தான் வந்தேன். வந்ததும், 'எல்லாம் சரியா இருக்காம்'னு சிரிச்சார். அப்புறம் ரெண்டு வருஷமா தொங்கிட்டிருந்த அலமாரிக் கதவை எடுத்து மாட்டினார். நான் எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன்! ஊருக்கெல்லாம் கதவு செய்றவர், நம்ம வீட்டுக் கதவைத் தொட மாட்டார். தொட்டுட்டார்.

– வேற ஏதாவது சொன்னாரா?

– கேஸ் சிலிண்டர் எப்படி மாத்தணும்னு எனக்குச் சொல்லிக் குடுத்தார், டாக்டரம்மா. கல்யாணமாகி இருபது வருஷம், ஒரு நாள் என்னை அதுகிட்ட விட்டதில்லை. இன்னிக்குக் காலைல துவைக்கச் சட்டையை எடுத்தேன். பையில இந்தக் காகிதம், எட்டா மடிச்சு. படிச்சேன். படிக்காத மாதிரி திரும்ப மடிச்சு, இடுப்புல செருகிட்டு, காய் வாங்கப் போறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். வழியெல்லாம் கடவுளைக் கூப்பிட்டுக்கிட்டே வந்தேன். எங்கிட்ட மட்டும் உண்மையைச் சொல்லிடுங்க. அவர்கிட்ட காட்டிக்க மாட்டேன்.

– நான் டாக்டர் இல்லம்மா. ரத்தம் பாக்கறவ. உங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணும் இல்லை. அந்தப் பக்கம் அவருக்கு எழுதினது இல்லை. அது... நான் தினமும் எழுதற கதையில ஒரு பக்கம். மேல இருக்கற நாப்பத்தேழு வயசு இல்லை, நாப்பத்தேழாவது நாள்.

– கதையா?

– நான்தாம்மா வயசுன்னு நினைச்சுப் பின் அடிச்சேன். என்னைத் திட்டுங்க.

– கதை... அப்போ அவரு உடம்பு?

– என்னையும் உங்களையும் விட நல்லா இருக்கு. இதோ பாருங்க, எங்க பிரதி. இந்த எண்ணு இருக்க வேண்டிய இடத்துல இருக்கு. இதுவும். இதுவும்.

– போதும், ஐயா. கடவுளே, நீ நல்லா இருப்பே. எங்க ரெண்டு பேரையும் கைவிடலை நீ.

– மன்னிச்சிடுங்கம்மா. கையெடுத்துக் கும்பிடறேன். தெரிஞ்சு பண்ணலை.

– நீங்க ஏம்மா அழறீங்க? நான்தானே அழணும்!

– ரெண்டு பேரும் அழுதா நான் கவுண்டரை மூடணும். இந்தாங்க, தண்ணி குடிங்க. அம்மா, வீட்ல வேற யாருக்காவது போன் இருக்கா? இப்பவே அவர்கிட்ட பேசி விஷயத்தை முடிச்சிடுவோம்.

– வேண்டாம், ஐயா. உங்களுக்கு அவரைத் தெரியாது. நான் சொன்னா, மனசு தேத்தறான்னு நினைப்பார். நீங்க சொன்னா, நான் சொல்லச் சொல்லித்தான் சொல்றீங்கன்னு நினைப்பார். காகிதத்தைப் பாத்து பயந்தவர், காகிதத்தைப் பாத்தாத்தான் தெளிவார். அம்மா, அதே பேப்பர்ல, அதே கையெழுத்துல நாலு வரி எழுதிக் குடுங்க.

– நான் எழுதறதை நிறுத்திட்டேம்மா.

– எப்போ?

– இப்பதான். நீங்க வரதுக்குக் கொஞ்சம் முன்னாடி.

– தப்பா நினைக்காதீங்க, நிறுத்தறதை நாளைக்கு நிறுத்திக்குங்க. அங்கே ஒருத்தர் இருக்கற கதவையெல்லாம் சரி பண்ணிட்டிருக்கார்.

– எழுத்தாளரே, மெஷினைத் தட்டிவிட்டுட்டு வாங்க. பத்து நிமிஷம் இருக்கு. இந்தாங்க பேப்பர், இந்தாங்க பேனா.

– அவசரத்துல எழுதினா கிறுக்கலா வரும்ணே.

– வரட்டும். டாக்டர் எழுத்து மாதிரி இருந்தா இன்னும் நல்லா நம்புவார். ஆனா மேல நம்பர் போட்டுடாதீங்க. அவருக்கு ஒரு வயசு கூடிடும்.

– சிரிக்க வெக்காதீங்கண்ணே... 'ஐயா, உங்கள் ரிப்போர்ட்டில் ஒரு குறையும் இல்லை. நேற்று உங்கள் கைக்கு வந்த பக்கம் உங்களுக்கு எழுதியது அல்ல.' போதுமாம்மா?

– யாருக்கு எழுதினதுன்னு அவர் கேப்பாரே.

– 'அது ஒரு கதை'ன்னு போடவா?

– கதைன்னா நம்புவாரா... நானே இங்க வந்து உங்க முகத்தைப் பாத்ததாலதான் நம்பறேன். 'வேற ஒருத்தருக்கு'ன்னு போட்டீங்கன்னா, ஐயோ அது யாரோ, அவங்க வீட்ல யார் இருக்காங்களோன்னு அதுக்கும் உக்காந்து கவலைப்படுவார். அப்படிப்பட்ட மனுஷன். படிச்சதும் இது நிஜம்னு மனசுல படணும்மா. அந்த மாதிரி ஒரு வரி போடுங்க.

– நிஜம்னு படற மாதிரியா?

– ஆமா. நீங்கதான் தினமும் எழுதறவங்களாச்சே.

– என்ன எழுத்தாளரே, பேனா நின்னுடுச்சு? நாப்பத்தேழு நாள் நிக்காத பேனா.

– நிக்கலைண்ணே. உள்ளதையே எழுதிட்டேன். அம்மாகிட்ட குடுத்துடுங்க.

– கண்ணாடி எடுத்துட்டு வரலையே. ஐயா, நீங்களே வாய்விட்டுப் படிச்சிடுங்க. அவர்கிட்ட நான் சரியாச் சொல்லணும்ல.

– நல்லாக் கேட்டுக்குங்கம்மா. 'ஐயா, உங்கள் ரிப்போர்ட்டில் ஒரு குறையும் இல்லை. நேற்று உங்கள் கைக்கு வந்த பக்கம் உங்களுக்கு எழுதியது அல்ல. அது எனக்கு வந்த ரிசல்ட். அதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், தினம் ஒரு பக்கமாகச் சொல்லிப் பழகுகிறேன்.'