வலது கைக்குப் பதினொன்று

மழையில் பைக் ஓட்டக் கையுறை வாங்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். காய்ந்த கையோடு போட்டுப் பார்க்கிறார்கள். காய்ந்த கை எதற்குள்ளும் போகும். நனைந்த கையை உருவும்போதுதான் கையுறையின் குணம் தெரியும். உள்துணி விரலோடு ஒட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டால் அப்புறம் எத்தனை மல்லுக்கட்டினாலும் உள்ளே போகாது. அதனால்தான் எங்கள் கடையில் ஒரு வாளித் தண்ணீர் எப்போதும் இருக்கும். கையை நனை, போடு, முஷ்டி பிடி, கழற்று, மறுபடி போடு. மூன்று தடவை. இதற்கு முகம் சுளிக்கிறவனுக்கு நான் கையுறை விற்பதில்லை.

நீங்கள் கிரேமவுத் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து இந்த மழையில் வந்திருக்கிறீர்கள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் தங்கை நைரீ போன செவ்வாய்க்கிழமை ஒட்டிரா மலைப்பாதையில் பைக்கோடு விழுந்து செத்தபோது போட்டிருந்த கையுறை எங்கள் கடைச் சரக்கு. அதில் இருந்த ஓட்டைகளைப் பற்றி உங்கள் கான்ஸ்டபிள் கேட்டார். கீயா கிளி கொத்தியிருக்கும் என்றேன். அவரும் எழுதிக்கொண்டு போனார். இந்தப் பக்கத்தில் யாரும் அதை நம்புவார்கள். கணவாயில் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு வாய் டீ குடித்து வருவதற்குள் அந்தக் கிளிகள் சீட்டைக் கிழித்து, ரப்பரைப் பிய்த்து, ஒரு வழி பண்ணிவிடும். ஆனால் அலகு கிழிக்கும், வட்டமாகத் துளை போடாது. நீங்கள் அதைக் கவனித்துவிட்டீர்கள். கெட்டிக்காரிதான்.

அவளுக்கு முப்பத்தொரு வயது. எனக்கு நாற்பத்தொன்பது. அம்மா போனபோது அவளுக்கு எட்டு. அப்பா கடையைப் பார்த்துக்கொண்டார், நான் நைரீயைப் பார்த்துக்கொண்டேன். பேன் பார்த்தது, பள்ளிக்கூடத்துக்குப் பைக்கில் கொண்டுபோய் விட்டது, முதல் பையன் அவளை விட்டுப் போனபோது கூடவே உட்கார்ந்து அழுதது, எல்லாம் நான்தான். அவளுக்குக் குளிர் என்றால் ஆகாது. விரல்கள் வெளுத்து மெழுகாகிவிடும். என் அக்குளில் வைத்துச் சூடு பண்ணிவிடுவேன். குளிர்ந்துபோனால் உலகத்தில் எங்கே இருந்தாலும் என்னிடம்தான் ஓடிவருவாள். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் செய்தது எல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

குளிர் ஆரம்பிக்கிற ஜூன் மாதம் ஒரு நாள், பைக் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே சொன்னாள். அக்கா என்பதைவிட ரே என்று பேர் சொல்லித்தான் என்னை அதிகம் கூப்பிடுவாள்.

"ரே, கிரைஸ்ட்சர்ச்ல ஒரு ஒர்க்‌ஷாப்ல கூப்புட்டிருக்காங்க. ரேஸ் பைக்கு எஞ்சின் வேலை. நான் சரின்னுட்டேன்."

"சரின்னுட்டேன்னா? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா உனக்கு?"

"கேட்டா வேணாம்பே. அதான் கேக்கல." சிரித்தாள். "மாசம் ஒரு தடவை வந்துருவேன். மூணு மணி நேர தூரம்தானே. நீ என்னமோ நான் நிலாவுக்குப் போற மாதிரி மூஞ்சிய வெச்சிருக்க."

மாசம் ஒரு தடவை. மலைக்கு அந்தப் பக்கம் போன எல்லாரும் இதைத்தான் சொன்னார்கள். கூடப் படித்தவர்கள், அத்தை பிள்ளைகள், எதிர்க்கடை பேக்கரிக்காரியின் மகள். முதலில் மாதம் ஒரு தடவை, அப்புறம் கிறிஸ்துமஸுக்கு, அப்புறம் யாராவது செத்தால். கடைக்குப் பின்னால் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அது அவளுக்குத் தெரியாது.

போவதற்கு முதல் நாள் திங்கட்கிழமை சாயங்காலம் அவளுக்குக் கையுறை பார்த்தோம். மூன்று ஜோடி எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"இது ரொம்பத் தடி, ரே. இதப் போட்டுக்கிட்டு மூக்குகூட சொறிய முடியாது."

"மூக்கு சொறியத்தான் கிரைஸ்ட்சர்ச் போறியா?"

"அங்க அதுக்குத்தான் நல்ல சம்பளமாம்."

தடியானதை நானும் வேண்டாம் என்றேன். பஞ்சு அதிகம் இருந்தால் பிரேக் லீவர் விரலுக்குத் தெரியாது. மலிவான ஜோடியை அவள் தொடக்கூட இல்லை. நடுவில் இருந்த ஆட்டுத்தோல் ஜோடிதான் சரி. விரல் நுனியில் கொஞ்சம் இடம், ஜாக்கெட் கைக்குள் அடங்குகிற மணிக்கட்டு, இடது கட்டைவிரலில் ஹெல்மெட் கண்ணாடியை வழிக்க ஒரு ரப்பர் விளிம்பு. தோலுக்கும் துணிக்கும் நடுவில் ஒரு மெல்லிய சவ்வு இருக்கும். தண்ணீரைத் தடுப்பது அதுதான். அதைச் சோதிக்க எங்கள் கடையில் ஒரு வழக்கம். கையுறைக்குள் வாயால் ஊதி, திறப்பை முறுக்கிப் பிடித்து, வாளிக்குள் அமுக்குவோம். குமிழி வந்தால் ஓட்டை. வாங்குகிறவர் கண்முன்னால் இதைச் செய்யாமல் ஒரு ஜோடிகூட வெளியே போனதில்லை. நைரீயின் ஜோடியையும் அப்படித்தான் அமுக்கினேன். ஒரு குமிழிகூட வரவில்லை.

"அக்கா ஊதினா அப்பீலே கிடையாது," என்றாள்.

மறுநாள் காலை அவள் பேக்கரிக்கும் பால்பண்ணைத் தோழி வீட்டுக்கும் சொல்லிக்கொண்டு வரப் போனாள். மணிக்கட்டில் மினுங்கும் பட்டை தைத்து வைக்கிறேன் என்று நான்தான் சொல்லியிருந்தேன். தைத்தேன். அதே ஊசியால், விரல்கள் பிரிகிற மடிப்புகளில், தையலை ஒட்டி, வெளியே தெரியாதபடி குத்தினேன். இடது கையில் ஏழு. வலது கையில் பதினொன்று. மலிவான ஜோடியைத் தலையில் கட்டியிருந்தால் அது தானாகவே ஒழுகியிருக்கும், ஊசியே வேண்டியிருந்திருக்காது என்று நீங்கள் நினைக்கலாம். என் தங்கைக்கு மட்டமான சாமான் கொடுக்க எனக்கு மனசு வராது.

வலது கைக்கு ஏன் அதிகம் என்று கேட்டீர்கள். ஆக்சிலரேட்டரை முறுக்கிப் பிடிக்கிற கை அது, சீக்கிரம் குளிர் ஏறும், சீக்கிரம் திரும்புவாள். முன் பிரேக்கும் அந்தக் கைதான். தெரியும். கை மரத்துவிட்டால் பிரேக் லீவர் எங்கே இருக்கிறது என்றே தெரியாது, உடனே வண்டியை நிறுத்திவிடு என்று முப்பது வருஷமாக எல்லாரிடமும் நான்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினாள். வானிலை அறிக்கையில் சொன்னபடியே மழை. மலை ஏறுவதற்கு முன்னால் வருகிற குமாரா ஊரைத் தாண்டுவதற்குள் திரும்பிவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். அடுப்பில் சூப் வைத்தேன். நனைந்து நடுங்கிக்கொண்டு வந்து நிற்பாள், நான் கையைப் பிடித்துச் சூடு பண்ணுவேன், சாப்பிடுவாள், இந்தக் குளிர்காலம் போகட்டும் என்பாள். அவ்வளவுதான் என் ஆசை. ஒரு குளிர்காலம். அது பெரிய ஆசையா?

ஆனால் பிடிவாதக்காரி. மலையே ஏறிவிட்டாள். ஒன்றே முக்காலுக்குக் கணவாய்க் கிராமத்து டீக்கடையிலிருந்து போன் வந்தது.

"ரே, கை ரெண்டும் செத்துப்போச்சு. கிளவுஸ் பூரா தண்ணி. எப்படின்னே புரியல, நீ ஊதிப் பாத்தியே."

"மணிக்கட்டு வழியா இறங்கியிருக்கும்டி. திரும்பி வந்துரு."

"பைக்க இங்கயே விட்டுட்டு நாலு மணி ரயில்ல போயிடலாம்னு பாக்கறேன்."

"இன்னிக்கு ரயில் இல்ல. மண்ணு சரிஞ்சு தண்டவாளத்துல கெடக்காம்."

"அட கர்மமே. அப்ப நீ வண்டிய எடுத்துட்டு வாயேன். அதுவரைக்கும் இங்க கணப்பு பக்கத்துல குந்தியிருக்கேன்."

நான் போயிருக்கலாம். எங்கள் வேன் வாசலில்தான் நின்றது. ஒன்றரை மணி நேரம். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். அந்த ஒன்றரை மணி நேரமும் அவள் கணப்புப் பக்கத்தில் கையுறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். காயட்டும் என்று திருப்புவாள். சும்மா இருக்கமாட்டாமல் ஊதிப் பார்ப்பாள். எங்கள் கடையில் வளர்ந்தவள், ஒரு நொடியில் தெரிந்துவிடும். அப்புறம் என்னை எந்தக் கண்ணால் பார்ப்பாள்?

"கடைல ஆளு இருக்காங்க, நைரீ," என்றேன். ஒருவரும் இல்லை. "இறக்கம்தானே. மெதுவா வா. மழை இன்னும் வலுக்கப்போகுது, இப்பவே கெளம்பு. சூப்பு வெச்சிருக்கேன்."

டீக் கோப்பையைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "சரி, வரேன். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றாள்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், போனை வைத்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவள் கட்டிலுக்கு வேறு விரிப்பு போட்டேன். வெந்நீர்ப் பை எடுத்து வைத்தேன். அவள் இரண்டரை மணிக்குப் பாலத்துக்கு மேல் இருக்கிற வளைவில் பிரேக் பிடிக்காமலே நேராகப் போனதாக வேன்காரர் ஒருவர் சொன்னார் என்றீர்கள். பிடிக்கவே முயற்சி செய்யாத மாதிரி இருந்ததாம். முயற்சி செய்திருப்பாள். விரல் மடங்கியிருக்காது. அந்த நேரத்தில் நான் தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தேன். சாப்பாடு இறங்கவில்லை. தூங்கினால் அவள் கை என் அக்குளில் இருக்கிறது, எத்தனை நேரம் வைத்திருந்தாலும் சூடாகமாட்டேன் என்கிறது.

நாலு மணி ரயில் அன்றைக்கு நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போனது என்கிறீர்கள். எனக்குத் தெரியும்.

குத்தினது நான். பொய் சொன்னது நான். மரத்த கையோடு அந்த இறக்கத்தில் இறங்கச் சொன்னதும் நான்தான். இதில் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவளைக் கொல்ல நினைத்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அவள் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். தானாகவே என்னிடம் வந்துகொண்டிருந்தாள். கேட்டவர்களுக்கெல்லாம் அதைத்தான் சொல்கிறேன், எனக்கு மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

இது என்ன காகிதம்? அவள் போனில் இருந்ததை அச்செடுத்ததா? கிரேமவுத்திலிருந்து கிரைஸ்ட்சர்ச், ரயில் டிக்கெட், மறுநாள் புதன்கிழமைக்கு, ஒரு வழி. வாங்கின நேரம் செவ்வாய் மதியம் இரண்டு ஐந்து. என்னிடம் பேசி முடித்த பிறகு.

இல்லை, இதற்கு அர்த்தம் நீங்கள் நினைப்பது இல்லை. அவள் கை இரண்டும் மரத்துப்போயிருந்தது, அவளே சொன்னாள். மரத்த கைக்கு எதைத் தொடுகிறோம் என்றே தெரியாது. ஏதோ விரல் தவறிப் பட்டிருக்கும்.